லட்லோவில் எங்கே தங்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் மேற்கு ஓரம், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஷ்ரோப்ஷர் மாவட்டம். அங்கே டீம் ஆறு வளைந்தோடும் ஒரு மேட்டின் மேல் இருக்கும் பழைய சந்தை ஊர்தான் லட்லோ. மக்கள்தொகை பத்தாயிரத்தைச் சற்றே தாண்டும். சட்டப் பாதுகாப்பு பெற்ற பழங்கட்டடங்களோ ஏறக்குறைய 500. நீங்கள் தங்கப்போகும் அறையும் அந்த 500-இல் ஒன்றாக இருக்க நிறைய வாய்ப்புண்டு. அதனால் இந்த ஊரில் தங்குமிடம் தேடுவதும், எந்தத் தெருவில் எந்தக் காலத்துக் கட்டடத்தில் தூங்கப்போகிறோம் என்று தேர்ந்தெடுப்பதும் ஒரே வேலைதான். ஊர் எப்படிக் கட்டப்பட்டது என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் அறையை நன்றாகத் தேர்ந்தெடுக்க முடியும். கீழே உள்ள பதில்களை அந்த எண்ணத்தோடுதான் எழுதியிருக்கிறேன்.

காலையில் வந்து மாலையில் திரும்பிவிட்டால் போதாதா? தங்கத்தான் வேண்டுமா?

கோட்டையையும் தேவாலயத்தையும் சந்தையையும் மட்டும் பார்க்க ஒரு பகல் போதும். ஆனால் லட்லோவின் அழகு அந்த மூன்றோடு முடிவதில்லை. மாலையில் கடைகள் மூடி, பகல்நேரப் பயணிகள் கிளம்பிய பிறகு பிராட் ஸ்ட்ரீட்டில் இறங்கி நடந்து பாருங்கள். மேலே பட்டர்கிராஸ் என்ற 18-ஆம் நூற்றாண்டுக் கல் மண்டபம். கீழே, பழைய நகர மதிலின் ஏழு வாயில்களில் எஞ்சி நிற்கும் பிராட் கேட். இரண்டுக்கும் நடுவே சரிவாக இறங்கும் அகலமான தெருவின் இருபுறமும் செங்கல் வீடுகளும் மரச்சட்ட வீடுகளும் கலந்து நிற்கும். பகலில் கார்கள் அடைத்துக்கொண்டிருக்கும் தெரு இது. அதன் முழு உருவமும் கண்ணில் படுவது மாலையிலும் விடியற்காலையிலும்தான்.

இரண்டு இரவு தங்குங்கள் என்பது என் யோசனை. ஒரு நாள் ஊருக்கு, ஒரு நாள் சுற்றுப்புறத்துக்கு. வெள்ளி, சனியில் பல இடங்கள் ஒற்றை இரவுக்கு அறை தருவதில்லை. ஆகவே வார இறுதியில் போகிறவர்களுக்கு இது பெரும்பாலும் தானாகவே அமைந்துவிடும்.

ஊரின் எந்தப் பகுதியில் தங்குவது நல்லது?

முதலில் ஊரின் அமைப்பை மனதில் வரைந்துகொள்ளுங்கள். மேட்டின் மேற்கு முனையில் கோட்டை. அதன் வாசலுக்கு எதிரே காசில் ஸ்கொயர் என்னும் சந்தைத் திடல். திடலுக்குக் கிழக்கே சில குறுகலான சந்துகள், அவற்றுக்குப் பின்னால் செயின்ட் லாரன்ஸ் தேவாலயம். திடலையும் பட்டர்கிராஸையும் ஒட்டிய மேட்டிலிருந்து மில் ஸ்ட்ரீட்டும் பிராட் ஸ்ட்ரீட்டும் தெற்கே ஆற்றை நோக்கி இறங்குகின்றன. வடக்கே கார்வ் ஸ்ட்ரீட் இறங்குகிறது, ரயில் நிலையம் அந்தப் பக்கம்தான்.

மேட்டின் மேலே தங்கினால் எல்லாம் வாசலிலேயே இருக்கும். ஆனால் சந்தை நாள்களில் கடை போடுகிறவர்கள் அதிகாலையிலேயே வந்துவிடுவார்கள், வேன் கதவு அடிபடும் சத்தம் கேட்கும். பிராட் ஸ்ட்ரீட், மில் ஸ்ட்ரீட் பக்கம் அமைதி அதிகம், அழகும் அதிகம். ஒவ்வொரு முறை வெளியே போய்த் திரும்பும்போதும் ஏற்றம் ஏற வேண்டும், அவ்வளவுதான். கார்வ் ஸ்ட்ரீட் பக்கம் ரயிலில் வருகிறவர்களுக்கு வசதி.

என்னைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் பிராட் ஸ்ட்ரீட்டின் மேல் பாதியைத்தான் சொல்வேன். முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போகிறீர்கள் என்றால் அங்கே வேண்டாம், மேட்டின் மேலேயே பாருங்கள்.

"தெருப் பக்க அறையா, பின்பக்க அறையா?" என்று கேட்கிறார்கள். எதைச் சொல்வது?

இந்தக் கேள்விக்குப் பின்னால் ஊரின் வரலாறே இருக்கிறது. நார்மன் காலத்தில் கோட்டை எழுந்த பிறகு, அதன் வாசலில் திட்டமிட்டு உருவாக்கப்பட்ட ஊர் இது. தெருக்கள் நேர்கோட்டில் போடப்பட்டு, அவற்றின் இருபுறமும் மனைகள் நீளவாக்கில் பிரிக்கப்பட்டன. தெருப் பக்கம் சில கஜ அகலம்தான், பின்னால் வெகு தூரம் நீளும். கடை வைக்கிற எல்லாருக்கும் தெருமுகம் கிடைக்க வேண்டுமே, அதற்காகத்தான். முன்னால் கடை, மேலே வீடு, பின்னால் பட்டறை, தொழுவம், தோட்டம். அந்த மனைக் கோடுகள் இன்றும் பெரும்பாலும் மாறவில்லை.

அதனால்தான் லட்லோ விடுதிகளில் முன்னறைக்கும் பின்னறைக்கும் அவ்வளவு வித்தியாசம். முன்னறையில் தெருக் காட்சியும் உயரமான ஜன்னலும் கிடைக்கும், கூடவே தெருச் சத்தமும் வரும். பாதுகாக்கப்பட்ட கட்டடங்களில் நினைத்தபடி இரட்டைக் கண்ணாடி ஜன்னல் போட அனுமதி கிடைப்பதில்லை, அதனால் சத்தத்தை அடக்குவது கடினம். பின்னறைகள் ஒரு சந்து வழியாக, ஒரு முற்றத்தைத் தாண்டி, பழைய தொழுவத்தையோ பட்டறையையோ மாற்றிக் கட்டியவையாக இருக்கலாம். காட்சி சுமார், தூக்கம் அருமை. தரைத்தளத்தில் அமைவதும் பெரும்பாலும் இவைதான்.

தூக்கம் லேசானவர்கள் பின்னறையைக் கேளுங்கள். ஊரை ஜன்னலில் உட்கார்ந்தே பார்க்க ஆசைப்படுகிறவர்கள் முன்னறை எடுத்துக்கொண்டு, காதுக்கு வைக்கும் பஞ்சையும் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள்.

மரச்சட்ட வீட்டில் தங்க வேண்டும் என்று ஆசை. அது சாத்தியமா?

தாராளமாக. அதற்காகவே இந்த ஊருக்கு வருகிறவர்கள் இருக்கிறார்கள். மிகப் புகழ்பெற்றது புல் ரிங் தெருவில் உள்ள ஃபெதர்ஸ் ஹோட்டல். ரீஸ் ஜோன்ஸ் என்ற வழக்கறிஞர் 1619-இல் கட்டிய வீடு அது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் சத்திரமாக மாறியது. முகப்பு முழுக்கக் கருப்பு மரமும் வெள்ளைப் பூச்சும்தான். மரத்தில் வைரம் போன்ற வடிவங்களும், வேல்ஸ் இளவரசரின் சின்னமான தீக்கோழி இறகுகளும் செதுக்கப்பட்டிருக்கின்றன, ஹோட்டலின் பெயரும் அந்த இறகுகளிலிருந்து வந்ததுதான். லட்லோ பற்றிய எந்தப் புகைப்படத் தொகுப்பிலும் இந்த முகப்பு இருக்கும்.

ஆனால் இதுபோன்ற ஹோட்டல்களில் ஒன்றைக் கவனியுங்கள். பழைய முகப்புக்குப் பின்னாலும் பக்கத்திலும் பிற்காலத்தில் சேர்த்த கட்டடங்கள் இருக்கும். "ஸ்டாண்டர்ட்" அறை எடுத்தால் பெரும்பாலும் அந்தப் புதிய பகுதியில்தான் கிடைக்கும். மர உத்தரமும் நான்கு கால் விதானக் கட்டிலும் வேண்டும் என்றால் பழைய பகுதியில் அறை வேண்டும் என்று முன்பதிவின்போதே எழுதிக் கேளுங்கள்.

இன்னொரு விஷயம். தெருவில் நின்று பார்த்தால் செங்கல் வீடு போலத் தெரிவதெல்லாம் செங்கல் வீடு இல்லை. 18-ஆம் நூற்றாண்டில் பணக்கார வீட்டுக்காரர்கள் காலத்துக்கேற்ற தோற்றம் வேண்டும் என்று, தங்கள் பழைய மரச்சட்ட வீடுகளின் முன்னால் ஒழுங்கான செங்கல் முகப்பு எழுப்பினார்கள். உள்ளே போனால் சாய்ந்த தரையும் வளைந்த உத்தரமும் அப்படியே இருக்கும். ஆகவே முகப்புப் படத்தை மட்டும் பார்த்து "இது பழசில்லை" என்று ஒதுக்கிவிடாதீர்கள். அறைக்குள் எடுத்த படங்களைப் பாருங்கள்.

அப்படிப்பட்ட வீடுகளில் வசதிக் குறைவுகள் என்னென்ன?

லிஃப்ட் இருக்காது என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள். படிக்கட்டு செங்குத்தாக, குறுகலாக, சில இடங்களில் சுழன்று போகும். பெரிய சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு ஏறுவது சிரமம், சின்னப் பெட்டி இரண்டாகப் பிரித்துக் கொண்டுவருவது நல்லது. கதவு நிலை தாழ்வாக இருக்கும். உயரமானவர்கள் முதல் நாள் இரவு கவனமாக இருங்கள்.

குளியலறை பெரும்பாலும் பழைய அறையின் ஒரு மூலையைத் தடுத்துக் கட்டியது. சில இடங்களில் குளிக்கும் தொட்டி மட்டும் இருக்கும், ஷவர் இருக்காது. குளியலறை அறைக்குள்ளேயே இருக்கிறதா, வெளியே தனியாக இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஏ.சி. இருக்காது. கோடையில் ஓரிரு வாரம் வெயில் அடித்தால் மாடி அறை புழுங்கும். குளிர்காலத்தில் ஹீட்டர் குறிப்பிட்ட நேரங்களில் மட்டும் ஓடும் வீடுகளும் உண்டு. இரவில் குளிர் தாங்காதவர்கள் கூடுதல் போர்வை கேட்கத் தயங்க வேண்டாம், கேட்டால் கொடுப்பார்கள்.

சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவர்களுக்கும், படி ஏறவே முடியாதவர்களுக்கும் பழைய வீடுகள் ஒத்துவராது. ஊருக்கு வெளியே உள்ள புதிய கட்டடங்களையோ, முற்றத்துப் பக்கத் தரைத்தள அறைகளையோ பாருங்கள். "தரைத்தளம்" என்று போட்டிருந்தாலும் வாசலில் இரண்டு மூன்று படி இருக்கலாம். தொலைபேசியில் நேரடியாகக் கேட்பதே நல்லது.

ஹோட்டல், பி அண்ட் பி, பப், வாடகை வீடு... எது எப்படி?

பி அண்ட் பி என்பது குடும்பத்தினர் தங்கள் வீட்டின் சில அறைகளைக் காலை உணவோடு தருவது. ஊரைப் பற்றி நல்ல தகவல் கிடைக்கும் இடம் இதுதான். எந்தக் கடை என்றைக்கு மூடியிருக்கும், மழை பெய்தால் எந்தப் பாதையில் நடக்கக் கூடாது என்றெல்லாம் வீட்டுக்காரர்களே சொல்வார்கள். ஆனால் வருகிற நேரத்தைச் சொல்லிவிட்டு அந்த நேரத்துக்குப் போக வேண்டும். வரவேற்பு மேசையில் 24 மணி நேரமும் ஆள் இருக்க மாட்டார்கள்.

அப்புறம் பப் மேலே உள்ள அறைகள். கீழே சாப்பாடு, மேலே தூக்கம். இந்த வகையில் பார்க்க வேண்டியது லட்ஃபோர்ட் பாலத்தின் அக்கரையில் உள்ள சார்ல்டன் ஆம்ஸ். டீம் ஆற்றை ஒட்டியே நிற்கிறது, ஆற்றுப் பக்க அறை கிடைத்தால் தண்ணீர் சத்தம் கேட்டபடி தூங்கலாம். அங்கிருந்து ஊர் நடுவுக்கு வர, பாலத்தைத் தாண்டி, லோயர் பிராட் ஸ்ட்ரீட் ஏறி, பிராட் கேட் வளைவுக்குள் நுழைந்து, மேலும் ஏற வேண்டும். சுமார் பத்து நிமிட நடை, முழுக்க ஏற்றம். பழைய காலத்துப் பயணி தெற்கிலிருந்து லட்லோவுக்குள் நுழைந்த வழியும் இதுவே. ஒருமுறையாவது இந்த வழியில் ஏறிப் பாருங்கள்.

குடும்பமாகப் போகிறவர்களுக்கு வாடகை வீடுதான் வசதி. சமையலறை இருக்கும், துணி துவைக்கும் இயந்திரமும் பெரும்பாலும் இருக்கும். கோடை விடுமுறையில் வார வாடகைக்கு மட்டும் கொடுப்பார்கள், மற்ற மாதங்களில் மூன்று நான்கு இரவுக்கும் கிடைக்கும். ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே டெஸ்கோ சூப்பர்மார்க்கெட் இருப்பதால் அரிசி, பருப்பு, காய்கறிக்குக் கவலை இல்லை.

கார் இருந்து, செலவைக் குறைக்க வேண்டும் என்றால் ஏ49 நெடுஞ்சாலையை ஒட்டிய ட்ராவலாட்ஜ் போன்ற சங்கிலி விடுதிகளைப் பார்க்கலாம். சுத்தமான அறை, பார்க்கிங் கவலை இல்லை. ஆனால் ஊரின் மாலை நேரம் கைக்குக் கிடைக்காது, அதை நான் இழப்பாகத்தான் நினைக்கிறேன்.

கோட்டைக்குள்ளேயே தங்கலாம் என்று கேள்விப்பட்டேன். உண்மையா?

உண்மைதான். கோட்டையின் வெளி முற்றத்தில் காசில் ஹவுஸ் என்ற மாளிகை இருக்கிறது. அதன் ஒரு பகுதி, பழங்காலத்தில் அரண்மனைக்காரர்கள் பந்து விளையாடிய உள்ளரங்க டென்னிஸ் கூடத்திலிருந்து உருவானது. கோட்டை உரிமையாளரான போவிஸ் எஸ்டேட் 2002-இல் இந்த மாளிகையைத் திரும்ப வாங்கிப் பழுதுபார்த்தது. இப்போது அதில் விடுமுறைக் குடியிருப்புகள் சில வாடகைக்கு விடப்படுகின்றன. ஹோட்டல் போல அல்ல, சமையலறையோடு கூடிய தனிக் குடியிருப்புகள்.

இங்கே தங்க நினைப்பவர்கள் அந்தக் கோட்டையில் யார் யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொண்டு போனால் அனுபவமே வேறாகிவிடும். இங்கிலாந்து அரசர் நான்காம் எட்வர்டின் மகன் சிறுவனாக இங்கேதான் வளர்ந்தான். 1483 ஏப்ரலில் தந்தை இறந்த செய்தி வந்ததும் ஐந்தாம் எட்வர்டாக லண்டனுக்குக் கிளம்பியவன், லண்டன் கோட்டையில் காணாமல் போன இரண்டு இளவரசர்களில் ஒருவனானான். ஏழாம் ஹென்றியின் மூத்த மகன் ஆர்தர், ஸ்பெயின் இளவரசி கேத்தரினை மணந்த சில மாதங்களில், 1502 ஏப்ரல் 2 அன்று இங்கே இறந்தான். அவன் உயிரோடு இருந்திருந்தால் தம்பி எட்டாம் ஹென்றி அரசனாகியிருக்க மாட்டான். கேத்தரினை மணந்து, பிறகு விவாகரத்து கேட்டு, போப்பாண்டவரோடு முறித்துக்கொண்டதும் நடந்திருக்காது. இங்கிலாந்தின் சமய வரலாறே திரும்பிய இடம் இது.

இந்த ஊருக்கும் மெட்ராஸுக்கும் தொடர்பு உண்டு என்கிறார்களே?

உண்டு, நேரடியான தொடர்பு. இந்தக் கோட்டையை 1811-இல் அரசிடமிருந்து விலைக்கு வாங்கியவர் போவிஸ் பிரபு எட்வர்ட் கிளைவ். ஆற்காட்டு முற்றுகையில் பெயர் வாங்கிய ராபர்ட் கிளைவின் மகன். 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தவர். திப்பு சுல்தான் 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டினத்தில் வீழ்ந்ததும், அதே ஆண்டு அக்டோபரில் கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், 1801 அக்டோபரில் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டதும் இவர் கோட்டையில், அதாவது செயின்ட் ஜார்ஜ் கோட்டையில், இருந்த காலத்தில்தான். இவருடைய மனைவி ஹென்ரியட்டா 1800-இல் மகள்களோடு தென்னிந்தியா முழுக்கச் சுற்றிப் பயணம் செய்தவர்.

லட்லோவுக்கு வடமேற்கே இரண்டு மூன்று மைல் தள்ளி பிராம்ஃபீல்ட் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்குள்ள ஓக்லி பார்க் எஸ்டேட்டை ராபர்ட் கிளைவ் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த செல்வத்தில் வாங்கினார். எஸ்டேட்டின் விடுதிக்கு இன்றைக்கும் கிளைவ் ஆம்ஸ் என்றுதான் பெயர். வசதியான அறைகள், பக்கத்திலேயே பெரிய பண்ணைக் கடை. இன்னும் தள்ளி லிட்பரி நார்த்தில் உள்ள வால்கட் ஹாலும் கிளைவ் வாங்கிய மாளிகைதான், அங்கேயும் விடுமுறைக்குத் தங்க இடம் உண்டு. வேல்ஷ்பூலில் உள்ள போவிஸ் கோட்டையில் கிளைவ் குடும்பம் கொண்டுவந்த இந்தியப் பொருள்களின் காட்சிக்கூடமும், அதில் திப்புவின் கூடாரமும் இருக்கின்றன. லட்லோவிலிருந்து காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்.

இந்தப் பெயர்களைப் பார்க்கும்போது நமக்கு மனசு கனக்கும். கனக்கத்தான் வேண்டும். இந்தப் பச்சைப் பசேல் எஸ்டேட்டுகளின் செல்வம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்து பார்க்கிற பயணி நம்மவர்களிலேயே அதிகம் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. கிளைவ் ஆம்ஸில் தங்குவதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. போவிஸ் கோட்டையை மட்டும் தவறவிடாதீர்கள்.

எந்த மாதத்தில் அறை கிடைப்பது கடினம்?

செப்டம்பரில் உணவுத் திருவிழா நடக்கும் வார இறுதி. 1995-இல் தொடங்கிய விழா இது, கோட்டைக்குள்ளேயே கடைகள் போடுவார்கள். அந்த மூன்று நாள்களுக்கு ஊரில் அறை வேண்டுமென்றால் பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும், விலையும் ஏறும். நவம்பர் கடைசியில் நடக்கும் இடைக்காலக் கிறிஸ்துமஸ் சந்தைக்கும் கூட்டம் உண்டு. பிராம்ஃபீல்டில் குதிரைப் பந்தயம் நடக்கும் நாள்களையும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

என் விருப்பம் மே மாதத்தின் நடுப்பகுதி, அல்லது அக்டோபர் தொடக்கம். மே மாதத்தில் இரவு ஒன்பது மணி வரை வெளிச்சம். அக்டோபரில் ஆற்றுக்கு அப்பால் உள்ள விட்கிளிஃப் காட்டு மேடு பழுப்பும் பொன்னுமாக மாறியிருக்கும், அங்கிருந்து கோட்டையும் தேவாலயக் கோபுரமும் ஒரே காட்சியில் தெரியும். டிசம்பரில் போனால் மாலை நான்கு மணிக்கே இருட்டிவிடும். ஆனால் அறை மலிவு, பப்பில் கணப்பு எரியும்.

வாரத்தில் எந்த நாள் என்றால், சந்தையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். காசில் ஸ்கொயரில் திங்கள், புதன், வெள்ளி, சனி ஆகிய நாள்களில் சந்தை உண்டு. ஞாயிறு இரவும் திங்கள் இரவும் தங்கினால் கட்டணம் குறையும், திங்கள் சந்தையும் கிடைக்கும். ஞாயிறு மாலையிலும் திங்களன்றும் சில உணவகங்கள் மூடியிருக்கும், இரவுச் சாப்பாட்டுக்கு முன்னதாகவே இடம் பதிவு செய்துவிடுங்கள்.

தேவாலய மணிச் சத்தம் தூக்கத்தைக் கெடுக்குமா?

தேவாலயத்துக்குப் பக்கத்தில் தங்கினால் மணி கேட்கும், அதைத் தவிர்க்க முடியாது. மணி நேரத்துக்கு அடிப்பது போக, பகலில் சில வேளைகளில் மணிகளே ஒரு மெட்டை இசைக்கும். ஞாயிறு காலை வழிபாட்டுக்கு முன் மணியடிப்போர் குழு கயிறு இழுத்து அடிப்பது தனி. எனக்கு இது அந்த ஊரின் குரல், கேட்காமல் வந்தால்தான் குறை. கைக்குழந்தையோடு போகிறவர்கள் தேவாலயத்தை ஒட்டிய சந்துகளைத் தவிர்த்து, மில் ஸ்ட்ரீட் பக்கம் பாருங்கள்.

ரயிலில் போவது எப்படி? கார் அவசியமா?

ஊருக்கு மட்டும் என்றால் கார் வேண்டாம். ஷ்ரூஸ்பரிக்கும் ஹியர்ஃபோர்டுக்கும் இடையிலான பாதையில் லட்லோ நிலையம் இருக்கிறது. இரு ஊர்களிலிருந்தும் அரை மணி நேரத்துக்குள்தான். மான்செஸ்டரிலிருந்தும் கார்டிஃபிலிருந்தும் நேரடி ரயில்கள் உண்டு. லண்டனிலிருந்து வருகிறவர்கள் பாடிங்டனில் ஏறி நியூபோர்ட்டில் மாறலாம், அல்லது யூஸ்டனில் ஏறி க்ரூவில் மாறலாம். இரண்டு வழியிலும் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். நிலையத்திலிருந்து ஊர் நடுவுக்கு நடந்தே போய்விடலாம், ஆனால் ஏற்றம். டாக்ஸி வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், நிலைய வாசலில் வரிசையாக நிற்கும் என்று நம்ப வேண்டாம்.

ஸ்டோக்சே என்ற அற்புதமான 13-ஆம் நூற்றாண்டு மாளிகைக் கோட்டைக்குக் கூட ரயிலிலேயே போகலாம். அடுத்த நிலையமான கிரேவன் ஆம்ஸில் இறங்கி ஒரு மைல் நடந்தால் போதும்.

காரில் வருகிறவர்கள் தங்குமிடத்துக்குச் சொந்தப் பார்க்கிங் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். பழைய தெருக்களில் பல இடங்கள் அங்கு குடியிருப்பவர்களுக்கான அனுமதிச் சீட்டு உள்ள கார்களுக்கு மட்டும். சில விடுதிகள் விருந்தினருக்கு அந்தச் சீட்டைத் தரும். இல்லையென்றால் பெட்டிகளை வாசலில் இறக்கிவிட்டு, நீண்ட நேரம் நிறுத்த அனுமதிக்கும் பொது நிறுத்துமிடத்தில் விட வேண்டும். ஏ49 சாலையோரத்தில் காரை விட்டு பஸ்ஸில் ஊருக்குள் வரும் வசதியும் உண்டு.

காலை உணவில் சைவம் கிடைக்குமா?

கிடைக்கும். வழக்கமான ஆங்கிலேயக் காலை உணவு என்றால் பன்றி இறைச்சி, சாசேஜ், முட்டை, பீன்ஸ், காளான், தக்காளி, டோஸ்ட். இந்த ஊரின் சாசேஜுக்குப் பெயர் அதிகம், அதனால் தட்டில் அதுதான் பெருமையாக வரும். சைவம் என்று முந்தின நாளே சொல்லிவிட்டால் இறைச்சியை நீக்கி, சைவ சாசேஜோ கூடுதல் காளானோ வைப்பார்கள். "சைவம், முட்டையும் இல்லை" என்றால் அதைத் தனியாகச் சொல்ல வேண்டும், அங்கே சைவத்தில் முட்டை அடங்கும். கறுப்பாக வட்டத் துண்டு ஒன்று இருந்தால் அது பன்றி ரத்தத்தில் செய்தது, கவனம்.

இரவுச் சாப்பாட்டில் இந்த ஊர் ஏமாற்றாது. 2000-ஆம் ஆண்டை ஒட்டிய வருடங்களில் இவ்வளவு சின்ன ஊரில் ஒரே சமயத்தில் மூன்று உணவகங்கள் மிஷலின் நட்சத்திரம் (சிறந்த உணவகங்களுக்குத் தரப்படும் உயர்ந்த தரக் குறி) வைத்திருந்தன. அந்த மூன்றும் இன்று இல்லை, ஆனால் நல்ல பொருளைத் தேடி வாங்கிச் சமைக்கும் பழக்கம் ஊரில் தங்கிவிட்டது.

ஊரில் அறையே இல்லை என்றால்?

ரயில் பாதையைப் பிடித்துக்கொள்ளுங்கள். தெற்கே லெம்ஸ்டர், வடக்கே கிரேவன் ஆம்ஸ், அதற்கும் வடக்கே சர்ச் ஸ்ட்ரெட்டன். மலை நடைக்குப் போகிறவர்களுக்கு லாங் மைண்ட் மலையடியில் உள்ள சர்ச் ஸ்ட்ரெட்டன் லட்லோவைவிடப் பொருத்தமாகக்கூட இருக்கும். ஷ்ரூஸ்பரியில் அறைகள் அதிகம். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்: இரவில் ரயில்கள் குறைவு, கடைசி ரயில் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொண்டு சாப்பிட உட்காருங்கள்.

பதிவு செய்யும்போது கட்டணத்தில் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

விலை அறைக்கா, ஆளுக்கா? காலை உணவு சேர்த்தா, தனியா? பயணிகளுக்குக் காட்டும் விலையில் வாட் வரி சேர்ந்தே இருக்கும், மேலே போட மாட்டார்கள். விசாவுக்குக் காத்திருப்பவர்கள், கொஞ்சம் விலை கூடினாலும் ரத்து செய்தால் பணம் திரும்பும் வகையையே எடுங்கள். சின்ன பி அண்ட் பி-களில் நேரடியாகத் தொலைபேசியில் கேட்டால் இணையதள விலையைவிடக் குறைத்துத் தருவதும் உண்டு.

கடைசி நாள் காலையில் அறையைக் காலி செய்துவிட்டு பெட்டியை எங்கே வைப்பது?

பத்து, பத்தரைக்கெல்லாம் அறையைக் காலி செய்யச் சொல்வார்கள். சின்ன நிலையம் என்பதால் ரயில் நிலையத்தில் பெட்டி வைக்கும் வசதியை எதிர்பார்க்காதீர்கள். ஹோட்டலும் பப்பும் மாலை வரை வைத்துக்கொள்வார்கள். பி அண்ட் பி என்றால், வீட்டுக்காரர்கள் அன்று வெளியே போகிறார்களா, திரும்பி எடுக்க எத்தனை மணிக்கு வரலாம் என்று முந்தின இரவே பேசிவைத்துக்கொள்ளுங்கள். வாடகை வீட்டில் அடுத்த குடும்பத்துக்காகச் சுத்தம் செய்ய ஆள் வந்துவிடுவார்கள், அங்கே பெட்டியை விட முடியாது. அந்த நாளுக்கு மட்டும் முற்பகல் ரயிலில் கிளம்பும்படி டிக்கெட் எடுப்பது நல்லது.